மூப்பருக்கென்று வாங்கிய டம்ளர்

என் வீட்டு அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. கடைக்காரர் ஒட்டிய காகிதம்கூட இன்னும் அதில் கிழியாமல் இருக்கிறது. வாங்கியவள் என் மனைவி. வாங்கியது எங்கள் சபையின் மூப்பருக்காக. அவளை அடக்கம் செய்து, கல்லறை கட்டி, அதன்மேல் பூசிய சுண்ணாம்பும் மங்கிவிட்டது. அந்த டம்ளரில் இன்றுவரை ஒருவர் வாயும் பட்டதில்லை. ஏன் படவில்லை என்பதையும், அதன்பொருட்டு நான் செய்த காரியத்தையும் இங்கே எழுதுகிறேன். பழிவாங்குதல் ஒரு கிறிஸ்தவனுக்கு அழகா என்று கேட்க எண்ணுபவர்கள் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி மலையை நோக்கிப் பிரியும் சாலையில் உள்ளது. ஊர் வேறு, காலனி வேறு. நான் காலனிக்காரன். என் தகப்பனார் பிறர் தோட்டங்களில் கூலி வேலை செய்தார். நான் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் மணல் சலித்து, பிறகு மணலில் அச்சு எடுக்கும் மோல்டராகி, முதுகு வளைந்தபின் வீடு வந்து சேர்ந்தவன். பள்ளிக்கூடம் எனக்கு நீண்ட நாள் வாய்க்கவில்லை. எழுத்துக் கூட்டி நான் வாசித்துப் பழகிய புத்தகம் வேதாகமம் ஒன்றே. ஆகையால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறர் வாயால் கேட்டறிய வேண்டிய நிலை எனக்கில்லை.

என் சிறுவயதில் ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று தனி டம்ளர்கள் இருந்தன. கடைக்கு வெளியே, சுவரோரத்துக் கல்லின்மேல் அவை கவிழ்ந்து கிடக்கும். நாங்களே எடுத்து நீட்டுவோம். கடைக்காரர் மேலிருந்து ஊற்றுவார். குடித்தபின் நாங்களே கழுவி, அதே கல்லின்மேல் கவிழ்த்துவிட்டுப் போவோம். அந்தக் கடை இப்போது கண்ணாடிக் கதவு போட்ட பேக்கரியாகிவிட்டது. எல்லாருக்கும் காகிதக் கப். கல்லை எப்போது எடுத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அது கிடந்த இடம் மட்டும் நினைவிருக்கிறது.

ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து வேதக்கோயில் ஒன்றுதான். மூப்பர் ஊர்க்காரர். மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் இளையவர். ஆயினும் என்னை 'என்னப்பா' என்றுதான் அழைப்பார். அவருடைய பாட்டனார் காலத்தில் அக்குடும்பம் ஞானஸ்நானம் பெற்றதாம். அந்தத் தண்ணீர் தலையை நனைத்தது, சாதிவரை இறங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான லெந்து காலம் பிறந்துவிட்டால் அவர் வெள்ளை உடுத்துவார். செருப்பு அணிய மாட்டார். சவரம் செய்துகொள்ள மாட்டார். நோன்பிருப்பவன் தலைக்கு எண்ணெய் தடவி, முகம் கழுவி, தன் நோன்பை மனிதர் அறியாதபடி காத்துக்கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் மலையின்மேல் போதித்த பகுதியை ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று கணீரென்று வாசிப்பவரும் அவரே. திங்கட்கிழமை பரட்டைத் தலையுடன் சாலையில் இறங்கி நடப்பவரும் அவரே. பேக்கரிக்காரர் வழக்கம்போல, "மூப்பருங்க, டீ போடட்டுங்களா?" என்பார். "உபவாசம் தம்பி, உபவாசம்!" என்று பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு விடை வரும்.

இவை யாவும் எனக்கு வேடிக்கையாகவே இருந்திருக்கும், அவர் என் மனைவியை இதற்குள் இழுக்காமல் இருந்திருந்தால்.

அவளுக்குச் சர்க்கரை நோய். லெந்துகால வெள்ளிக்கிழமை ஒன்றில் கோயிலில் உபவாச ஜெபம் நடந்தது. நடுப்பகலில் அவளுக்குக் கை நடுங்கி, உடல் வேர்த்துவிட்டது. கோயிலின் பின்புறம் போய் ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரோ பார்த்து மூப்பரிடம் சொல்லிவிட்டார்கள். மாலையில் முடிவு ஜெபம் செய்யும்போது அவர் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"ஆண்டவரே, உம்முடைய சமுகத்துல உக்காந்துக்கிட்டே வயித்தைக் கட்ட முடியாத ஒரு சகோதரிக்காக மன்றாடுறோம். பேரைச் சொல்லலை ஆண்டவரே. உமக்குத் தெரியும்."

ஆண்டவருக்கு மட்டுமா தெரிந்தது? மூடியிருந்த கண்கள் அத்தனையும் திறந்து அவளைப் பார்த்தன. அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

அன்றே அவர் ஒரு சட்டமும் வகுத்தார். இனி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் விசுவாசிகளின் வீடுகளில் நடக்கும். எந்த வீட்டில் நோன்பைத் தொடங்குகிறோமோ அந்த வீட்டிலேயே, அந்த வீட்டார் தரும் கஞ்சியைக் குடித்து முடிக்க வேண்டும். நடத்துகிறவர் முதல் வாய் குடித்தபின்புதான் மற்றவர்கள் வாய் வைக்க வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. இச்சட்டம் பின்னாளில் எனக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அன்று நான் அறியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்ன வார்த்தை இது: "தப்பு என்னோடதுதானுங்க. ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம்." அவர் அவளைப் பழித்ததைவிட, அப்பழியை அவள் நம்பியதே என்னைச் சுட்டது.

சில நாள் கழித்து மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பாத்திரக்கடையிலிருந்து அந்த டம்ளரை வாங்கி வந்தாள்.

"யாருக்கு இது?"

"மூப்பருக்குங்க. ஜெபம் பண்ண நம்மூட்டுக்கு வந்தாருன்னா, நாம வாய் வெச்ச டம்ளர்ல குடுக்கறது நல்லாவா இருக்கும்? தனியா ஒண்ணு இருக்கட்டுமுங்க. ஒருக்கா எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சுப்போட்டாருன்னா, அந்தப் பழத்துப் பேச்சை மனசுல வெச்சுக்கலைன்னு நானும் நிம்மதியா இருப்பேன்."

தனி டம்ளர்! எங்களைத் தள்ளி வைக்க ஊர் எதைச் செய்ததோ அதையே அவள் ஒருவரை உயர்த்தி வைப்பதற்காகச் செய்தாள்.

மூப்பர் காலனிக்கு வருவது அபூர்வம். வந்த போதெல்லாம் அவள் டம்ளரைக் கழுவி எடுப்பாள். வந்த போதெல்லாம் அவர் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு உபவாசம்மா" என்பார். லெந்து காலம் இல்லாவிடினும் உபவாசம். கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரமும் உபவாசம். "எப்பேர்ப்பட்ட பக்தி பாருங்க" என்று அவள் வியந்துகொண்டே டம்ளரைத் துடைத்து மேல்தட்டில் வைப்பாள். காகிதம் நனையாமல் கழுவும் வித்தை அவளுக்குக் கைவந்துவிட்டது.

அவள் படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் அவர் ஜெபிக்க வந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "கண்ணு, அந்தப் புது டம்ளர்ல மூப்பருக்குக் காப்பி" என்று மருமகளிடம் சொன்னாள். காப்பி வந்தது. என் மனைவியே அதை இரு கையாலும் வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"உபவாசம்மா. ஆண்டவருக்குச் சித்தமானா அடுத்த தடவை."

அவர் போனபின் நான் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றேன். போகும் வழியில், ஊருக்குள், கோயில் கணக்குப் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் மூப்பர் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு நிறையப் பணியாரம். அருகில் ஆவி பறக்கும் காப்பி. என்னைக் கண்டதும் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நான் வணங்கிவிட்டு நடந்தேன்.

வீட்டில் அவள் கேட்டாள்: "மூப்பரு போய்ச் சேந்திருப்பாருங்களா? பாவம், வெறும் வயித்தோட இந்த வெயில்ல."

"சேர்ந்திருப்பார்" என்றேன்.

அந்த வாரமே அவள் இறந்தாள். மன்னிக்கப்படாதவளாகத் தன்னை எண்ணிக்கொண்டே இறந்தாள். காலனிக்குள் கால் வைக்கும் நாளெல்லாம் அவருக்கு நோன்பு நாள் என்ற கணக்கு அதன்பின்தான் எனக்குப் பிடிபட்டது. திருவிருந்தின்போது ஒருவர்பின் ஒருவராக வாய் வைத்துத் திராட்சரசம் குடிக்கும் பொதுக் கிண்ணத்துக்கு அவர் எப்போதும் முதல் வரிசையில் முழந்தாளிடுவதை மிகுந்த ஆவல் என்று எண்ணியிருந்தேன். எங்கள் வாய் பட்டபின் அக்கிண்ணம் தன்னிடம் வந்துவிடக் கூடாது என்பதே அந்த ஆவல். இத்தனையும் தெரிந்தபின், ஒரே ஒரு காரியத்தை என் மனத்தில் நிச்சயித்தேன். இந்த மனிதர் என் வீட்டில், என் கையால், ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அதுவரை எனக்கு உறக்கம் ஒரு பொருட்டல்ல.

அடுத்த லெந்து காலம் வந்தது. வால்பாறை எஸ்டேட் சபையிலிருந்து மாற்றலாகி ஓர் இளம் ஆயர் வந்திருந்தார். எங்கள் ஊரின் நெளிவு சுளிவு எதுவும் அவருக்குத் தெரியாது. உபவாச ஜெபம் அதுவரை காலனியில் ஒரு வீட்டிலும் நடந்ததில்லை. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வேளை வந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"பாஸ்டரய்யா, இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எங்க ஊட்டுல வெக்கோணுமுங்க. எம் பொண்டாட்டி நெனப்பா. மூப்பரய்யாதான் முன்ன நின்னு நடத்தோணும். அவரு ஜெபத்து மேல அவளுக்கு அத்தனை மரியாதைங்க."

"ரொம்ப சந்தோஷம். மூப்பர், என்ன சொல்றீங்க?" என்றார் ஆயர்.

சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது, ஒருநாள் என் மனைவியைப் பார்த்ததுபோல. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆண்டவருடைய சித்தம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வீடு நிரம்பிவிட்டது. ஊர்க்காரர்கள் சிலரும் ஆயருக்காக வந்திருந்தனர். மூப்பர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமுக்காளத்தை எங்கள் பாயின்மேல் விரித்து அமர்ந்தார். பகலெல்லாம் பாட்டும் ஜெபமும் நடந்தன. அவர் குரல் தழுதழுக்க ஜெபித்தார், நெஞ்சில் அடித்துக்கொண்டார், கண்ணீரும் வந்தது. மாலையில் மருமகள் பச்சைப்பயறு போட்ட அரிசிக் கஞ்சியையும் தேங்காய்த் துவையலையும் பரிமாறினாள். ஆயர் நன்றி ஜெபம் செய்தார். எல்லாரும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி மூப்பரின் வாயையே பார்த்தார்கள்.

மூப்பர் கண்களை மூடினார். நெடுநேரம் மூடியிருந்தார். பிறகு மெல்லத் திறந்தார்.

"ஆண்டவர் எங்கூடப் பேசுறாரு. இந்த நோன்பை இப்ப முடிக்காதே, இன்னும் நீட்டுன்னு சொல்றாரு. நீங்கெல்லாம் குடிங்க."

எதிர்வீட்டு அம்மாளுக்கு வாயில் பூட்டு கிடையாது. "ஏனுங்க மூப்பருங்க, ஊருக்குள்ள வடை போட்ட அன்னைக்கெல்லாம் பேசாத ஆண்டவரு, காலனிக் கஞ்சியக் கண்டதும் பேசறாருங்களே!" என்றாள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி அடங்கியது.

நான் சிரிக்கவில்லை. மூப்பர் சொன்ன 'நீட்டு' என்ற அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவர் கஞ்சியைக் குடித்திருந்தால் என் நெஞ்சு அன்றே ஆறியிருக்கும். குடிக்க மாட்டார் என்பதை அறிந்தே அடுத்த வலையையும் வைத்திருந்தேன்.

"ரொம்பப் பெரிய காரியமுங்க" என்று கை கூப்பினேன். "ஆனா தொடங்குன ஊட்டுலதான் முடிக்கோணும்னு நீங்கதானுங்க சட்டம் சொல்லிப்போட்டீங்க. எப்ப முடிச்சாலும் இங்க வந்து, இந்த ஊட்டுத் தண்ணியக் குடிச்சுத்தானுங்க முடிக்கோணும். அதுவரைக்கும் வெளிய பச்சைத் தண்ணிகூடக் கூடாதுங்களே?"

"அதெல்லாம்..." என்று அவர் இழுத்தார்.

"ஆமா மூப்பர், போன வாரம்கூட எங்கிட்ட அதைத்தானே சொன்னீங்க" என்றார் ஆயர், கள்ளமற்ற முகத்துடன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் எழுந்து சாட்சி சொல்லும் வேளையில் நான் மறுபடியும் எழுந்தேன். தன்னைப்பற்றித் தானே எக்காளம் ஊதிக்கொள்பவனுக்கு, அவன் கை ஓய்ந்தால் பிறர் ஊதிக் கொடுப்பதில் குற்றமில்லை அல்லவா? நம் மூப்பர் என் ஏழை வீட்டில் தொடங்கிய நோன்பை இன்னும் முடிக்கவில்லை, முடிக்க அங்கே வரும்வரை அவருடைய பலத்துக்காகச் சபையார் ஜெபிக்க வேண்டும், சோதனைக்குள் அவரை ஒருவரும் தள்ளிவிடக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். 'அல்லேலூயா' என்று சபை முழங்கியது. மருமகள் அவருடைய படத்தைச் சபையின் வாட்ஸப் குழுவில் ஏற்றினாள். கூப்பிய கைகள் வந்து குவிந்தன.

அதன்பின் நடந்ததை நான் மிகுந்த சுவையுடன் நினைவுகூர்கிறேன். பேக்கரியில் அவர் ஒரு பப்ஸைக் கையில் எடுத்தபோது கடைக்காரரே பதறிப்போய், "ஐயோ மூப்பருங்க, நோம்புங்களே!" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார். கவுண்டர் வீட்டுப் புதுமனை விருந்தில் அவருக்கு முன்னால் போட்ட இலையை, "அவரு விரதமுங்க, இதைப் பக்கத்துல போடு" என்று பக்கத்துப் பந்திக்காரருக்கு நகர்த்தினார்கள். கணக்குப் பிள்ளை வீட்டில் பணியாரச் சட்டி அவரைக் கண்டதும் மூடிக்கொண்டது. பட்டறைத் தொழிலாளிகள்கூட அவர் முன்னால் டீ குடிக்காமல் மறைந்துகொண்டார்களாம். இத்தனை நாள் தண்ணீர்கூட இல்லாமல் ஒருவர் நடமாடுவது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, பக்தியின் பலம் என்றே நம்பினார்கள். தம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் நன்றாகவே உண்டார் என்பதை நான் அறிவேன். அவர் பட்டினி கிடக்க வேண்டும் என்பது என் நோக்கமல்ல. என் மனைவி பிறர் கண்ணுக்கு மறைந்து ஒரு பழத்தைத் தின்றாளே, அவ்வாறே அவரும் ஒளிந்து தின்ன வேண்டும் என்பதே என் நோக்கம். அது நிறைவேறிற்று.

ஈஸ்டர் நெருங்கியது. ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பிரியாணி விருந்து நடக்கும். ஆயருக்கு வலப்பக்க நாற்காலி மூப்பருடையது. இந்த முறை அந்த நாற்காலியில் அவர் உண்ணாமல் உட்கார வேண்டும். அல்லது அதற்குமுன் என் வீட்டுக்கு வர வேண்டும். நான் அவசரப்படவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை, வெயில் உச்சியில் நிற்கும் நேரம். காலனி உண்டு உறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஸ்கூட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அன்று வெள்ளை உடுத்தவில்லை. காலில் செருப்பு இருந்தது. தலையில் எண்ணெய் மின்னியது. வேதம் சொன்னபடி நோன்பாளி தோன்ற வேண்டிய கோலம் அவருக்கு அன்றுதான் வாய்த்தது.

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு 'ங்க' வந்தது அதுவே முதல் தடவை.

"கண்டிப்பாங்க."

"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா?"

"எதுக்குங்க? உபவாசத்தைத்தான் ஆண்டவரு ரகசியமா இருக்கச் சொன்னாரு. தண்ணி குடிக்கறதை ரகசியமாச் செய்யச் சொல்லலீங்களே. தொறந்தே இருக்கட்டுமுங்க."

எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலில் முறத்துடன் வந்து உட்கார்ந்தாள். புடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நான் அடுக்களைக்குச் சென்றேன். மேல்தட்டில் புது டம்ளர் காகிதத்தோடு நின்றது. ஒரு கணம் அதைப் பார்த்தேன். அது அவள் அன்பாய் வாங்கியது. அந்த அன்புக்கு இவர் பாத்திரரல்லர். வீட்டில் எல்லாரும் குடிக்கும், விளிம்பு நசுங்கிய பழைய டம்ளரை எடுத்துக் குடத்தில் முகந்து கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் வாங்கினார். தலையை அண்ணாந்து, டம்ளரை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கினார்.

"வாய் வெச்சுக் குடிங்க" என்றேன்.

கை நின்றது. "எனக்கு இப்படிக் குடிச்சுத்தான் பழக்கமுங்க."

"எங்களுக்கும் பழக்கமுங்க, மேல இருந்து ஊத்தறதை வாங்கிக் குடிச்சு. வாய் வெச்சுக் குடிங்க. இல்லீனா நோம்பு முடியலைன்னு நாளைக்கு நான் எந்திரிச்சுச் சொல்ல வேண்டி வரும்."

அவர் வாசலைப் பார்த்தார். எதிர்வீட்டு முறம் நின்றுவிட்டிருந்தது. டம்ளர் மெல்லக் கீழே இறங்கியது. நசுங்கிய விளிம்பு உதட்டில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு மருந்தை விழுங்குபவர்போல் குடித்தார். முழுவதும் குடிக்கும்வரை நான் நின்றுகொண்டேயிருந்தேன்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "போதுமா?" என்றார்.

"எங்கிட்டக் கேக்காதீங்க. கேக்க வேண்டியவ கல்லறையில இருக்கறா. உங்களுக்கு நெனப்பிருக்கா, அவ நீட்டுன காப்பியை வேண்டாம்னு சொல்லிப்போட்டு எங்க உக்காந்து என்ன தின்னுக்கிட்டிருந்தீங்கன்னு?"

அவருக்கு நினைவிருந்தது. முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த அம்மாவை நெனச்சு ஒரு ஜெபம் பண்ணிப்போட்டுப் போறேனுங்க" என்றார்.

"வேண்டாமுங்க. உங்க ஜெபத்தை அவ ஒருக்காக் கேட்டது போதுமுங்க."

அவர் எழுந்து போனார். எதிர்வீட்டு அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி, "மூப்பருங்க, தண்ணி இனிக்குதுங்களா? எங்கூட்டுலயும் இருக்குதுங்க, ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போங்க!" என்றாள். ஸ்கூட்டர் கிளம்பும் ஓசை கேட்டது.

மறுநாள் அவர் பிரியாணி உண்டார். நானும் உண்டேன். அதன்பின் அவர் பொதுவில் நோன்பைப்பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மனந்திரும்பிவிட்டார் என்று ஆயர் நம்புகிறார். அது ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. மன்னிப்பு என்பது என் கையில் இருந்திருக்குமானால், அதை அவளோடு சேர்த்துப் புதைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் குடித்த டம்ளரை அன்றே வெளியே கொண்டுபோய், வாசல் சுவரோரத்தில் ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் கவிழ்த்து வைத்தேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மருமகள் கேட்டாள்:

"ஏனுங்க மாமா, நல்ல டம்ளரை எதுக்கு வெயில்லயும் மழையிலயும் போட்டு வெச்சிருக்கீங்க? உள்ள எடுத்து வெக்கட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. அது மூப்பருடைய டம்ளர். மறுபடியும் வந்தா அவரே எடுத்துக் குடிச்சு, அவரே கழுவி வெச்சுப்போட்டுப் போகட்டும்."